கண் தெரியும்போதே கண்ணைக் காட்டுங்கள்

"கண் நல்லாத் தெரியுதுதானே டொக்டர், பிறகு என்னத்துக்கு மருந்து விட்டுப் பார்க்கிறீங்க?" திருகோணமலையில் கண் கிளினிக் நடக்கும் நாட்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சலரோகம், அதாவது நீரிழிவு, கண்ணின் பின்பக்கத்தில் காட்சி பதியும் விழித்திரையைத் தாக்கத் தொடங்கிய பிறகும் நெடுங்காலம் எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசிக்க முடியும். நோவு இராது, கண் சிவக்காது. ஆகவே பார்வை மங்கிய பிறகுதான் பலர் வருகிறார்கள். சிகிச்சை நன்றாகப் பலன் தரும் காலமோ அதற்கு முந்தியது.

இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடி நின்றால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் பழுதாகின்றன. சில புடைத்துக் கசியும், சில அடைபட்டுப் போகும். கசிவு விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் கூர்ந்த பார்வை கெடும். வலை பொத்தும்போது கண்ணிகள் ஒரு பக்கம் வளைந்து தெரிவதாக ஒரு கடற்றொழிலாளி சொன்னார். பலகையில் பெரும்பாலான வரிகளை அவர் வாசித்துவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நடுப்பகுதி வீங்கியிருந்தது. கதவு நிலை, சாரத்தின் கட்டம் போன்ற நேர்கோடுகள் வளைந்து தெரிகின்றனவா என்று ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வீட்டிலேயே பாருங்கள். வளைந்து தெரிந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள், கண் வைத்தியரிடம் வாருங்கள். சீனி ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடியின் பவரும் மாறும். அந்த நேரத்தில் புதுக் கண்ணாடி செய்வது வீண் செலவு.

குழாய் அடைபட்ட இடத்தில் கதை வேறு. ஒட்சிசன் கிடைக்காத விழித்திரை ஒரு பதார்த்தத்தைச் சுரக்க, அதனால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை பலமில்லாதவை. ஒருநாள் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் நிறையும், அல்லது வடுவாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்துவிடும். லேசர் ஒளியால் விழித்திரையின் ஓரத்தைச் சுடுவது இதைத் தடுக்கத்தான்.

"லேசர் அடிச்சும் பார்வை கூடேல்ல" என்று சொல்லி மிச்சத் தவணைக்கு வராமல் விடுகிறவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். குளத்தில் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் தம்பலகாமத்து வயற்காரர் எல்லாக் காணியையும் விதைப்பதில்லை. ஒரு பகுதியை விட்டு மற்றதைக் காப்பாற்றுவார்கள். நாங்களும் விழித்திரையின் ஓரத்தைக் கொடுத்து நடுப் பார்வையைக் காக்கிறோம். இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். இதை லேசருக்கு முன்னரே விளங்கப்படுத்துவது எங்கள் கடமை. அவசரத்தில் விட்டுவிட்டால் நோயாளி பயந்து விலகிவிடுவார்.

நடுப்பகுதி வீக்கத்துக்குப் பெரும்பாலும் கண்ணுக்குள் ஊசி போடுவோம். சொன்னவுடன் முகம் வெளிறிப்போகும். விறைக்கும் மருந்து விட்ட பிறகுதான் போடுகிறோம், சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் தொடக்கத்தில் மாதாமாதம் தேவைப்படும். ஒன்றோடு நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும்.

"இன்சுலின் போட்டால் கண் போயிடும்" என்ற பேச்சை மூதூரிலும் கேட்டிருக்கிறேன், நிலாவெளியிலும் கேட்டிருக்கிறேன். பலர் இன்சுலின் தொடங்கும்போது கண் ஏற்கெனவே பழுதாகியிருக்கும், பழி ஊசிமேல் விழும். 1993இல் வெளியான அமெரிக்க, கனேடிய ஆய்வொன்றில், உடல் இன்சுலினைச் சுரக்காத முதலாம் வகைச் சலரோகத்தினர் இன்சுலினால் சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரை நோய் புதிதாக வரும் ஆபத்து 76 வீதம் குறைந்தது. நெடுநாள் உயர்ந்திருந்த சீனியைச் சடுதியாக இறக்கினால் கண் நோய் சில மாதங்களுக்குக் கூடலாம். அதற்காக இன்சுலினை நிறுத்தாதீர்கள், கண்ணையும் காட்டுங்கள்.

இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை பலருக்கு 7 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து அந்த இலக்கு மாறும். பிளேன்ரீக்குச் சீனியை நிறுத்தியவர் தட்டில் சோற்றைக் குறைத்தாரா என்பதையும் பார்க்க வேண்டும். பிறஷர், கொலஸ்ட்ரோல், சிகரெட் மூன்றும் கண்ணோடு நேரடியாகத் தொடர்புடையவை. சிறுநீரில் புரதம் போவதாகச் சொன்னால் கண்ணைப் பார்ப்பதில் தாமதம் வேண்டாம்.

பெரும்பாலானோருக்கு இருக்கும் இரண்டாம் வகைச் சலரோகம் கண்டுபிடிக்கப்பட்டவுடனேயே கண்ணைக் காட்ட வேண்டும், ஏனெனில் அது தெரியாமலே சில வருடங்கள் இருந்திருக்கும். அதன்பின் வருடம் ஒருமுறை. முதலாம் வகை என்றால் தொடங்கி ஐந்து வருடத்துக்குள். ஏற்கெனவே சலரோகம் உள்ள பெண் கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் கட்டாயம் காட்ட வேண்டும்.

வரும்போது கிளினிக் கொப்பி, பழைய கண்ணாடி, மருந்துச் சீட்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போக ஏலாது. வெருகல், குச்சவெளிப் பக்கமிருந்து வருபவர்கள் துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள்.

திடீரென்று கண்ணுக்குள் கரும்புள்ளிகள் மிதந்தால், மின்னல் போல ஒளி தெரிந்தால், திரை விழுந்தது போலிருந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவதாலோ தேன் விடுவதாலோ பலனில்லை, விடவும் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள்.