முனைவர் பட்டமும் தலைமை ஆசிரியர் நாற்காலியும்: அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடங்கள்

தமிழக அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராவதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. பட்டம் வாங்கியதற்காகப் பணிமூப்புப் பட்டியலில் யாரும் ஓர் இடம்கூட முன்னே போனதில்லை. இது தெரியாமலேயே ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ ஆசிரியர்கள் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டு, பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அரசுப் பள்ளி முதல்வராகப் பெரும்பாலான மாநிலங்களில் தனி உரிமம் வேண்டும். கல்வியியல் முனைவர் படிப்போடு சேர்த்தே அந்த உரிமத்துக்கும் பலர் தயாராகிறார்கள். நம் ஊரில் அப்படி ஓர் உரிமமே கிடையாது. இந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் 'பள்ளி நிர்வாகச் சான்றிதழ்', 'பள்ளி முதல்வர் டிப்ளமா' என்று பல பெயர்களில் தாள்களை விற்கிறார்கள். டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனமும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் கல்வி நிர்வாகத்தில் பட்டயப் படிப்புகள் நடத்துகின்றன. அவை ஒழுங்கான படிப்புகள். படித்தால் பள்ளி நடத்தத் தெரியும். ஆனால் தமிழக அரசின் பதவி உயர்வுப் பட்டியலில் அவற்றுக்கும் இடமில்லை.

இடம் உள்ளது துறைத் தேர்வுகளுக்கு மட்டும். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவிக்குப் போக நினைக்கும் பட்டதாரி ஆசிரியர், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பள்ளிக் கல்வித் துறை நிர்வாகத் தேர்வின் இரண்டு தாள்கள், சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வின் முதல் பகுதி, அரசு அலுவலக நடைமுறைத் தேர்வு ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும். வழக்கமாக மே மாதமும் டிசம்பர் மாதமும் இந்தத் தேர்வுகள் வரும். ஆறு ஆண்டுகள் ஆய்வுக்குச் செலவிட்டவர் இந்தத் தாள்களில் ஒன்றை விட்டுவைத்ததால், இளையவர் ஒருவர் தலைமை ஆசிரியராகிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் பகுதியில் அரிதான காட்சி அல்ல.

தேர்ச்சி பெற்றால் மட்டும் போதாது. தேர்ச்சி விவரமும் டி.என்.பி.எஸ்.சி. முடிவு வெளியிட்ட அறிவிக்கையின் எண்ணும் நாளும் உங்கள் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியலை ஜனவரி 1 நிலவரப்படி தயாரிப்பார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை, பதிவேட்டைத்தான் பார்க்கிறார். 'முடிவு வந்ததும் சொல்லுங்கள், போட்டுவிடலாம்' என்று சொன்ன எழுத்தர் அதற்குள் மாறுதலில் போயிருப்பார். அதனால் முடிவு வந்த வாரத்திலேயே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அரசு ஊழியர் விவரங்களைக் காட்டும் களஞ்சியம் செயலியில் விவரம் தெரிகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். காகிதப் பதிவேட்டில் ஒன்றும் கணினியில் இன்னொன்றுமாக இருந்தால் அலுவலகம் எதை எடுத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆசிரியர் தகுதித் தேர்வு இன்னொரு கண்ணி. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தந்த தீர்ப்பின்படி, இன்னும் அந்தத் தேர்வில் தேறாதவர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமலே பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு கேட்க முடியாது. முனைவர் பட்டத்துக்கென்று இதில் எந்த விலக்கும் இல்லை. 'டாக்டர் பட்டம் வாங்கிவிட்டேன், இதெல்லாம் எனக்கு எதற்கு' என்பவர்கள் தீர்ப்பை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அப்படியானால் முனைவர் பட்டத்தால் என்ன கிடைக்கும்? கல்வியியல் கல்லூரி வேலைக்குப் போக உதவும். படிக்கும் ஆசை தீரும். பணம் என்று பார்த்தால் ஏமாற்றம்தான். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச் 10 தேதியிட்ட அரசாணை எண் 37 நிறுத்திவிட்டது. ஓய்வுவரை மாதந்தோறும் சம்பளத்தோடு வந்துகொண்டிருந்த தொகை அது. அதற்குப் பதிலாக 2021இல் அறிவிக்கப்பட்டது ஒருமுறை மட்டும் தரும் தொகை. முனைவர் பட்டத்துக்கு 25,000 ரூபாய். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பைண்டு செய்து, கட்டணம் செலுத்தி முடிப்பதற்குள் அதைவிட அதிகமாகச் செலவாகிவிடும். பழைய ஊக்க ஊதியக் கணக்கை வைத்து உங்களை ஆய்வில் சேரச் சொல்பவர் விவரம் தெரியாதவர், அல்லது தரகர்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சேர விரும்புகிறீர்களா? நல்லது. அப்படியென்றால் முதல் வேலை பல்கலைக்கழகத்தில் இல்லை, உங்கள் கல்வி அலுவலகத்தில் இருக்கிறது.

பணியில் உள்ளவர் பகுதிநேர முனைவர் படிப்பில் சேரத் துறையின் முன் அனுமதி வேண்டும். 'முன்' என்பதுதான் இங்கே முக்கியம். சேர்ந்துவிட்டுப் பிறகு பின்னேற்பு வாங்கிக்கொள்ளலாம் என்று சக ஆசிரியர்கள் தைரியம் சொல்வார்கள். அனுமதி கேட்டு மனு கொடுத்துவிட்டு, பதில் வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடுமே என்று பயந்து பதிவு செய்த ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பட்டம் வாங்கி வந்த பிறகு, 'அனுமதி நாளுக்கு முன்பே சேர்ந்திருக்கிறீர்கள்' என்று தணிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். மனுவை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டவர்களைப் பற்றி அந்தத் தணிக்கைக் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

அலுவலகம் கேட்பது: எந்தப் பல்கலைக்கழகம், சேர்க்கைக் கடிதம் எங்கே? பல்கலைக்கழகம் கேட்பது: உங்கள் துறை அனுமதிக்கிறது என்பதற்கான தடையின்மைச் சான்று எங்கே? கடிதம் இல்லாமல் சான்று கிடைக்காது, சான்று இல்லாமல் கடிதம் கிடைக்காது. இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, சேர்க்கை அறிவிக்கை வருவதற்கு வெகு முன்பே, 'கல்வியியலில் பகுதிநேர முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கவும், தேர்வானால் சேரவும் அனுமதி வேண்டும்' என்று இரண்டையும் ஒரே மனுவில் கேட்பது. முந்தைய ஆண்டின் சேர்க்கை அறிவிக்கையின் நகலை இணையுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரின் பரிந்துரையோடு உரிய வழியில்தான் மனு போக வேண்டும். நேரடியாக மேலே அனுப்பினால் 'உரிய வழியில் வரவில்லை' என்று திரும்பி வரும், அதற்கே ஒரு மாதம் போய்விடும். ஒவ்வொரு மேசையிலும் பெறப்பட்ட நாளுடன் முத்திரை வாங்குங்கள். 'கொடுத்துவிட்டுப் போங்கள் சார், பார்த்துக்கொள்கிறோம்' என்பது ஒப்புகை ஆகாது.

சான்று கையில் வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் பகுதிநேர மாணவரின் தடையின்மைச் சான்றில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்கின்றன. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடம் தருகிறது. தேவைப்பட்டால் பாடப்பகுதியை, அதாவது ஆய்வோடு சேர்த்து வகுப்பில் படிக்க வேண்டிய பாடங்களை, முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். நம் அலுவலகங்களின் வழக்கமான படிவமோ நேர் எதிராக இருக்கும். 'பணி எந்த வகையிலும் பாதிக்கப்படக் கூடாது, இதற்கென விடுப்பு கோரக் கூடாது' என்று எழுதித் தருவார்கள். அதைக் கொண்டுபோனால் பல்கலைக்கழகம் ஏற்காது. திருத்தித் தாருங்கள் என்று திரும்பி வந்தால், 'எங்கள் படிவம் இதுதான்' என்பார்கள். ஆகவே விதியின் அந்தப் பகுதியை அச்சிட்டு, மூன்று வாசகங்களும் கொண்ட வரைவை நீங்களே தட்டச்சு செய்து மனுவோடு வைத்துவிடுங்கள். வரைவைக் கையில் கொடுத்தால் கோப்பு நகரும். எழுத்தரை யோசிக்க வைத்தால் நின்றுவிடும்.

அனுமதி ஆணையையும் பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இடையில் மாவட்ட மாறுதல் வந்தால் புதிய அலுவலகம் பழைய ஆணையைக் கண்ணால் பார்க்க விரும்பும்.

இனி சேர்க்கை. முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமிலேயருக்கு உட்படாத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இங்கே ஒரு பொறி: நீங்கள் கேட்பது கல்வியியல் முனைவர் பட்டம் என்றால் எம்.எட். மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். எம்.எஸ்சி.யில் வாங்கிய 70 அங்கே உதவாது. பிற்படுத்தப்பட்ட வகுப்புத் தளர்வுக்கு வருமானச் சான்றுடன் கூடிய புதிய சான்றிதழ் கேட்பார்கள். பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய சாதிச் சான்றிதழை நீட்டிவிட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

2024 ஜூன் முதல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் வழியாகவும் முனைவர் படிப்பில் சேரலாம். உதவித்தொகைக்குத் தேர்வாகாதவர்களுக்கு அந்த மதிப்பெண் சேர்க்கைக்காக ஓராண்டு மட்டுமே செல்லும். அலுவலக அனுமதி வருவதற்குள் அந்த ஓராண்டு கரைந்துபோவது எளிது. அதனால்தான் அனுமதியை முதலில் கேட்கச் சொன்னேன்.

நெறியாளரைத் தேடும்போது இரண்டு கேள்விகளை வெட்கப்படாமல் கேளுங்கள். உங்களிடம் காலியிடம் இருக்கிறதா? எப்போது ஓய்வு பெறுகிறீர்கள்? பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் வழிநடத்தலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கவே கூடாது. 'சேர்ந்துவிடுங்கள், இடம் வந்ததும் பெயரைப் போட்டுவிடலாம்' என்று சொல்பவரை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வாய்மொழித் தேர்வு நாளில் விருந்து, தேர்வாளருக்கு விடுதி அறை, கையில் ஓர் உறை என்று நீளும் பட்டியலும் மானியக் குழு விதிகளில் எங்கும் கிடையாது. கேட்பவர் அரசு ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம்.

காலக்கணக்கிலும் ஏமாறுகிறார்கள். முனைவர் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் உடல்குறை உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் 2 ஆண்டுகள் தளர்வு, ஆக 10. எல்லாமே சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படும். மறுபதிவுக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது. மகப்பேறு விடுப்பைப் பொறுத்தவரை தமிழக அரசு 12 மாதம் தருகிறது. ஆய்வு விதிகளோ மகப்பேறு, குழந்தை பராமரிப்பு இரண்டுக்கும் சேர்த்து, முழுப் படிப்புக்காலத்துக்கும் 240 நாட்கள் வரைதான் தருகின்றன. பள்ளியில் விடுப்பு எடுத்ததைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த 240 நாட்களும்கூட இல்லை.

பாடப்பகுதிக்குக் குறைந்தது 12 கிரெடிட். வகுப்புகள் வேலை நாளில் வந்தால், சான்றின் மூன்றாவது வாசகம் அப்போதுதான் கை கொடுக்கும். அரசுப் பள்ளி மாணவர்களிடம் வினாப்படிவம் கொடுத்துத் தரவு திரட்டப் போகிறீர்கள் என்றால், சொந்தப் பள்ளியாகவே இருந்தாலும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையவழியிலோ தொலைநிலையிலோ முனைவர் பட்டம் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். 2022 விதிகள் அதை முழுவதுமாகத் தடை செய்கின்றன. எந்த நிறுவனத்துக்கும் விலக்கு இல்லை. பகுதிநேரம் வேறு, தொலைநிலை வேறு. வேண்டுமென்றே இரண்டையும் குழப்பித்தான் விற்பனை நடக்கிறது. 'வார இறுதியில் ஒரு மணி நேரக் காணொளி, ஆய்வேட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று அழைப்பு வருவது அங்கிருந்துதான். முனைவர் பட்ட விதிகளைப் பின்பற்றாததால் ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் 2025-26 முதல் ஐந்து கல்வியாண்டுகளுக்கு ஆய்வாளர்களைச் சேர்க்க மானியக் குழு தடை விதித்தது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்ற 2022 அறிவிப்பும் முனைவர் படிப்புக்குப் பொருந்தாது. ஆய்வில் இருந்துகொண்டே இன்னொரு எம்.ஏ. எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

பட்டம் கைக்கு வந்த பிறகு கடைசிக் கட்ட அலைச்சல், உண்மைத்தன்மைச் சான்று. பட்டம் மெய்யானதா என்று அலுவலகம் பல்கலைக்கழகத்துக்கு எழுதும். பல்கலைக்கழகம் கட்டணம் கேட்டுப் பதில் எழுதும். அந்தக் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் தெரியாது. கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தி, ரசீது நகலை மனுவோடு இணைத்து, அலுவலகம் கடிதம் அனுப்பிய எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள். 'என் மனு ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் 'தகவல் அல்ல' என்று தட்டிக் கழிக்க வழி இருக்கிறது. 'இந்த எண்ணுள்ள என் மனு எந்தெந்த நாளில் எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல்' என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். ஆசிரியர் அரசு ஊழியர் என்பதால் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று எங்கும் இல்லை. மனு போட்டால் மேலதிகாரிகள் கோபித்துக்கொள்வார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். கோபித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் குறிப்பின் நகல் கேட்ட பிறகு கோப்பு நகராமல் கிடந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.