மாத்திரை யாருக்கு?

கடை மூடும் நேரம். பைக்கை ஆஃப் பண்ணாமலே ஒருவர் இறங்கி வந்தார். செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதுல நாலு மாத்திரை குடுங்கண்ணா" என்றார். அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த அட்டை அது.

"யாருக்கு?"

"வீட்லண்ணா. ரெண்டு நாளா இடுப்பு வலி. பக்கத்து வீட்டு அக்கா இதைத்தான் போடுவாங்களாம், உடனே கேக்குதாம்."

"மாசமா இருக்காங்களா?"

"ஆமாண்ணா, ஏழாவது மாசம்."

மருந்தாளுநராகப் பதினாறு வருடம் கடையில் நிற்கிறேன். கர்ப்பிணிகள் மாத்திரை வாங்க நேரில் வருவது குறைவு. கணவர் வருவார், மாமியார் வருவார், தம்பி வருவான். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் டாக்டர் சீட்டுக்குத்தான் தர வேண்டியவை. ஆனால் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பது ஊருக்கே தெரியும். இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஏழாவது மாதத்தில் அந்த மாத்திரை என்ன செய்யும்? ஸ்கேன் எடுத்துவிட்டு "தண்ணி கம்மியா இருக்கு" என்று சொல்வார்களே, அந்தப் பனிக்குடத் தண்ணீரில் பெரும்பகுதி, பாதிக் கர்ப்பகாலத்துக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீர்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கலாம். சிறுநீர் குறைந்தால் தண்ணீரும் குறையும். அதனால்தான் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் எச்சரித்தது. 20 வாரம் என்றால் ஐந்தாவது மாதம்.

இன்னொன்றும் இருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. எனவே நுரையீரலுக்குப் போகாமல் ரத்தம் திரும்பிப் போக, இதயத்தை ஒட்டி ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கும். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு அது மூடாவிட்டால், மூட வைக்க டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஐபுப்ரோஃபெனும் ஒன்று. அதே மருந்தை, குழாய் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் அம்மா விழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசி மூன்று மாதங்களில் இந்த ஆபத்து அதிகம்.

சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருப்பார். அது வேறு விஷயம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

அப்போ என்னதான் போடுவது? பாராசிட்டமால். தேவைக்கு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பேசியதைக் கேட்டுவிட்டு, இதனால் குழந்தைக்கு ஆட்டிசம் வருமா என்று பயந்தவர்கள் உண்டு. சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்து 2024இல் வெளியான ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. காய்ச்சலைக் குறைக்காமல் விடுவதுதான் கர்ப்பத்துக்குக் கெடுதல். ஆனால் கர்ப்பத்தின் ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு, விடாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம் என்று வந்தால் எந்த மாத்திரையும் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், வலிப்பு வரை போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாராசிட்டமாலும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மி.கி.தான் உச்ச வரம்பு. ஒல்லியானவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. காய்ச்சலுக்கு 650, சளி மாத்திரைக்குள் 500, மேல்வலி மாத்திரைக்குள் 325. மூன்றையும் சேர்த்து ஒரு வேளைக்கு 1,475. மூன்று வேளைக்கு 4,425 ஆகிவிடும்! பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே ஒரே மருந்து. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். கண் தெரியவில்லையென்றால் எங்களிடம் நீட்டுங்கள், படித்துச் சொல்கிறோம். அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், ஒன்றும் செய்யவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது. மாற்று மருந்து இருக்கிறது, அதை எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

அப்புறம், டெங்கு பரவும் சமயத்தில் காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகப் போடாதீர்கள். ரத்தக் கசிவு கூடும். பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் முட்டி வலிக்கு இவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். குடலில் புண் வந்து கறுப்பாக மலம் போகும்வரை பலருக்கு உறைப்பதில்லை.

அன்றைக்கு அந்தத் தம்பியிடம் பாராசிட்டமால் 500 மட்டும் இரண்டு கொடுத்தேன். எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று கவரில் எழுதி, "காலைல கண்டிப்பா டாக்டரைப் பாருங்க" என்றேன். கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் போனார்.

மறுநாள் மாலை சீட்டோடு வந்தார். சிறுநீர்த் தொற்றாம், அதுதான் இடுப்பு வலியாகக் காட்டியிருக்கிறது. சீட்டில் ஆன்டிபயாடிக் இருந்தது. வலி மாத்திரை எதுவும் இல்லை.