முன்கட்டண வெளிநாட்டு ரிட்டர்ன் லேபிள்: ஆணையம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

பெட்டிக்குள்ளேயே ஒரு லேபிள் இருக்கும், அல்லது மின்னஞ்சலில் வரும். பொருள் பிடிக்கவில்லையா, வெளிநாட்டு வாடிக்கையாளர் அதை ஒட்டி அருகிலுள்ள அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டால் போதும். அவர் கையிலிருந்து காசு எதுவும் போகாது, செலவு விற்றவருடையது. உள்நாட்டில் பழகிப்போன இந்த ஏற்பாட்டை எல்லை தாண்டிக் கொண்டுபோக அமெரிக்க அஞ்சல் சேவை நினைத்தால், தானாக ஒரு விலையைப் போட்டு விற்றுவிட முடியாது. முதலில் வாஷிங்டனில் உள்ள அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் கோப்பு போக வேண்டும். ஆணையம் ஒப்புதல் ஆணை போட்டதும் ‘ஆணையமே பரிசோதித்து அனுமதித்த சேவை’ என்று அதை விற்க வருபவர்கள் சொல்வார்கள். ஒப்புதல் வந்தது உண்மைதான். ஆனால் பரிசோதிக்கப்பட்டது எது என்பதில்தான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

1970-இல் அஞ்சல் கட்டண ஆணையமாகத் தொடங்கிய அமைப்பு இது. 2006 டிசம்பர் 20-இல் கையெழுத்தான சட்டம் இதற்கு இன்றைய பெயரையும் கூடுதல் அதிகாரத்தையும் கொடுத்தது. உறுப்பினர்கள் ஐந்து பேர். அதே சட்டம் அஞ்சல் சேவைகளை இரண்டு கூடையாகப் பிரித்தது: சந்தையில் ஆதிக்கம் உள்ளவை ஒன்று, போட்டிக்கு உட்பட்டவை மற்றொன்று. புதிய சேவை எந்தக் கூடைக்குப் போகிறது என்பதே ஆணையத்தின் முதல் கேள்வி.

விலையைச் செலவுக்கு மேல் கணிசமாக ஏற்றினாலும், தரத்தைக் குறைத்தாலும், வாடிக்கையாளர்கள் வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடாத நிலை இருந்தால் அது ஆதிக்கம். சட்டத்தின் 3642-ஆம் பிரிவு இதைத்தான் கேட்கச் சொல்கிறது. கடிதம் கொண்டுசெல்வதில் அஞ்சல் சேவைக்கு உள்ள ஏகபோகத்துக்கு உட்பட்ட எதையும் போட்டிக் கூடையில் போடக் கூடாது என்பதும் அதே பிரிவுதான். திரும்பி வரும் சரக்கு கடிதம் அல்ல, கூரியர் நிறுவனங்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே இந்தப் படி பெரும்பாலும் சுலபமாகவே தாண்டப்படுகிறது. தனியார் நிறுவனங்களின் நிலை, பயன்படுத்துபவர்களின் கருத்து, சிறு தொழில்கள் மீதான தாக்கம் ஆகிய மூன்றையும் ஆணையம் கவனிக்க வேண்டும் என்றும் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் கோப்பின் இந்தப் பகுதி ஓரிரு பத்திகளில் முடிந்துவிடும். சிறு விற்பனையாளர்கள் எழுதிப் போடாததால்தான் அது அவ்வளவு சின்னதாக இருக்கிறது.

அடுத்தது 3633-ஆம் பிரிவு. உண்மையான பரிசோதனை நடப்பது இங்கேதான். கடிதக் கட்டணம் கட்டுகிறவர்களின் பணம் போட்டிச் சேவைக்குச் சாய்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு போட்டிச் சேவையும் தனக்கே உரிய செலவைத் தானே ஈட்ட வேண்டும். போட்டிச் சேவைகள் எல்லாம் சேர்ந்து நிறுவனத்தின் பொதுச் செலவில் தங்கள் பங்கைத் தர வேண்டும். 2007-இல் அந்தப் பங்கு 5.5 சதவீதம் என்று வைக்கப்பட்டது, பின்னாளில் ஆண்டுக்கு ஆண்டு மாறும் சூத்திரம் வந்தது. புதிய சேவையின் கோப்பில் முக்கியமாக அலசப்படுவது இரண்டாவது நிபந்தனை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். லேபிளுக்கு விற்பனையாளர் தருவது 20 டாலர். வெளிநாட்டில் பார்சலை வாங்கி விமான நிலையம்வரை கொண்டுவர அந்த நாட்டு அஞ்சல் துறைக்கு 9 டாலர், விமானச் செலவு 4, அமெரிக்காவுக்குள் பிரித்து விநியோகிக்க 5.50. மொத்தம் 18.50, அதாவது வருவாய் செலவில் 108 சதவீதம். தாளில் பார்த்தால் தேர்ச்சி. இப்போது வெளிநாட்டுத் துறைக்கான தொகை வேறு நாணயக் கணக்கில் பேசப்பட்டு, டாலரில் 6 சதவீதம் கூடியது என்று வையுங்கள். 9 டாலர் 9.54 ஆகிறது. திரும்பி வரும் பெட்டிகள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்து விமானச் செலவு 5 ஆகிறது. மொத்தம் 20.04. நூறு சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. ஆணையம் கேட்கும் கேள்விகள் இப்படிப்பட்டவையே: நாணய மாற்று விகிதம் எந்தத் தேதியது, சராசரி எடை எங்கிருந்து வந்தது, விலையேற்றத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்.

ரிட்டர்னில் இந்த ஊகங்கள் மற்றச் சேவைகளைவிட ஆட்டம் காணும். போகும் பார்சலை விற்பவர் எடை போட்டு, அளந்து, தரவு ஏற்றி அனுப்புகிறார். வரும் பார்சலை வீட்டில் இருக்கும் ஒருவர், கையில் கிடைத்த பெட்டியில், இரண்டு பொருளைச் சேர்த்துக்கூடப் போட்டு அனுப்புகிறார். லேபிளில் 1 கிலோ என்று இருக்கும், பெட்டி 2.3 கிலோ இருக்கும்.

கோப்பைப் படிக்கும் விதம்

அஞ்சல் சேவையின் மனு, அதை நிர்வகிக்கும் ஆளுநர் குழுவின் முடிவு, சேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய வாசகம், நியாயம் சொல்லும் அறிக்கை, மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன என்ற சான்று, செலவுக் கணக்கு விரிதாள்கள், ரகசியம் காக்கக் கோரும் விண்ணப்பம் என்று ஒரு கட்டு வரும். இதில் விலை, செலவு, கூட்டாளி நாட்டின் பெயர் போன்றவை பெரும்பாலும் கறுப்பு மை பூசித்தான் பொதுவில் கிடைக்கும். வணிகரீதியில் சேதம் வரும் என்று காரணம் காட்டினால் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. அந்த மறைப்பு பொதுவாகப் பத்தாண்டுகளில் காலாவதியாகும். அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்றால், ரகசியம் காப்பேன் என்று உறுதியளித்து ஆணையத்திடம் மனுப் போடலாம்.

கறுப்பு மையைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுகிறவர்கள் அதிகம். நாங்கள் முதலில் தேடுவது ஆணையத் தலைவர் அனுப்பும் ‘தலைவரின் தகவல் கோரிக்கை’ என்ற ஆவணத்தை. ஆணையத்தின் ஆட்களுக்கு எந்தக் கணக்கில் சந்தேகம் வந்தது என்று அதில் கேள்வி கேள்வியாகத் தெரியும். பதில்கள் மறைக்கப்பட்டிருந்தாலும் கேள்விகளின் பெரும்பகுதி வெளியில்தான் இருக்கும். அடுத்தது சேவைப் பட்டியலின் வாசகம். அளவு, எடை உச்சவரம்பு, கண்காணிப்பு உண்டா, இழப்பீடு உண்டா என்பவை அங்கேதான். விளம்பரத் தாளில் இருப்பதற்கும் இதற்கும் முரண் வந்தால் இதையே நம்புங்கள்.

கோப்பு வந்ததும் ஆணையம் அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்கள் சார்பாக ஒரு அதிகாரியை நியமித்து, கருத்துச் சொல்லக் கெடு வைக்கும். அந்தக் கெடு பல நேரம் ஒரு வாரத்தைத் தாண்டாது. எல்லோருக்குமான கட்டணம் என்றால் நடைமுறைக்கு 30 நாட்கள் முன்பே வெளியிட வேண்டும். தனி ஒப்பந்த விலை என்றால் 15 நாட்கள் முன்பு தாக்கல் செய்தால் போதும். வெளிநாட்டு அஞ்சல் துறையுடன் பேசி முடிக்கும் ஏற்பாடுகள் பொதுவாக இரண்டாவது வழியில்தான் வருகின்றன. ஆகவே செய்தி உங்களுக்கு எட்டும்போது கெடு முடிந்திருக்கும்.

இன்னொரு வாசலும் உண்டு, சந்தைச் சோதனை. நிரந்தரப் பட்டியலில் சேர்க்காமல் 24 மாதங்கள் நடத்திப் பார்க்கலாம், ஆணையம் சம்மதித்தால் மேலும் 12 மாதம். ஓராண்டு வருவாய்க்குச் சட்டத்தில் எழுதப்பட்ட வரம்பு 1 கோடி டாலர், விலைவாசிக்கேற்ப அது உயரும். ரிட்டர்ன் போன்ற, அளவு யாருக்கும் தெரியாத சேவைக்கு இது நேர்மையான வழி என்பது எங்கள் கருத்து. ஆனால் சோதனையில் இருக்கும் சேவையை நம்பி உங்கள் முழு ரிட்டர்ன் கொள்கையையும் எழுதிவைக்காதீர்கள்.

ஆணையம் தொடாத இடங்கள்

சுங்கம் ஆணையத்தின் வேலை அல்ல. போட்டிச் சேவையில் வரும் பார்சலுக்கும் தனியார் நிறுவனம் கொண்டுவரும் அதேபோன்ற பார்சலுக்கும் சுங்கச் சட்டம் ஒரே மாதிரி பொருந்த வேண்டும் என்று அஞ்சல் சட்டத்தின் 407-ஆம் பிரிவு சொல்கிறது. அஞ்சலில் வருகிறது என்பதற்காகச் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

2016 மார்ச் முதல் 800 டாலர் வரையிலான சரக்கு வரியின்றி உள்ளே வந்தபோது, திரும்பி வரும் பொருளைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2025 ஆகஸ்ட் 29-இல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதன்பின், நீங்களே அனுப்பிய பொருள் திரும்பும்போது அது புதிய இறக்குமதி அல்ல என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதற்கான சுங்க வரி அட்டவணை எண் 9801.00.10. அமெரிக்காவில் தயாரானது, அல்லது வேறு நாட்டில் தயாராகி அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான மூன்றாண்டுக்குள் திரும்புவது, இரண்டுக்கும் இந்த எண்ணில் வரி இல்லை. நிபந்தனை ஒன்று உண்டு: வெளிநாட்டில் இருந்த காலத்தில் பொருளின் மதிப்பு கூட்டப்பட்டிருக்கக் கூடாது. அங்கே பழுதுபார்த்துத் திரும்பினால் கதை வேறு.

இதை நிரூபிக்க முதல் அனுப்புதலின் எண்ணும் விலைப்பட்டியலும் வேண்டும். முன்கட்டண லேபிளை உருவாக்கும் மென்பொருள் பழைய எண்ணைப் புதிய லேபிளோடு இணைக்கிறதா என்று கேளுங்கள். பலவற்றில் அதற்கான கட்டமே இருக்காது. சுங்கப் படிவம் சி.என்.22, சி.என்.23 இரண்டிலும் ‘திருப்பப்படும் சரக்கு’ என்று ஒரு தேர்வு உண்டு. வாடிக்கையாளரை நிரப்பவிட்டால் ‘பரிசு’ என்பதையோ ‘விற்பனைச் சரக்கு’ என்பதையோ தேர்ந்தெடுப்பார். மதிப்பு என்ற இடத்தில் பூஜ்ஜியம் போடுவார், ஏனென்றால் அவருக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது! பெட்டி நிற்பதற்கு அது ஒன்றே போதும். இந்த விவரங்கள் எல்லாம் விற்பவர் முன்கூட்டியே நிரப்பியதாக, மாற்ற முடியாதபடி லேபிளில் வர வேண்டும்.

தாளில் மட்டும் இருந்தாலும் போதாது. அஞ்சல் வழிப் போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க 2018-இல் வந்த ஸ்டாப் சட்டத்தின்படி, அமெரிக்காவுக்குள் வரும் அஞ்சல் பொதிகளின் விவரம் மின்னணு முறையில் முன்னதாகவே வந்து சேர வேண்டும். வாடிக்கையாளர் லேபிளை மூன்று மாதம் கழித்துப் பயன்படுத்தும்போது அந்தத் தரவு இன்னும் உயிரோடு இருக்குமா? ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ரிட்டர்னுக்கே உரிய சிக்கல் லித்தியம் பேட்டரி. நல்ல நிலையில் கருவிக்குள் பொருத்தப்பட்ட பேட்டரி போகும்போது விமானத்தில் ஏறியிருக்கும். ஒரு செல்லுக்கு 20, ஒரு பேட்டரிக்கு 100 வாட்-மணி என்ற வரம்புக்குள் இருந்திருக்கும். திரும்பும்போதோ ‘சார்ஜ் ஏறவில்லை, சூடாகிறது’ என்பதே காரணம். பழுதான அல்லது சேதமான லித்தியம் பேட்டரி விமானத்தில் ஏறக் கூடாது. லேபிள் கேட்கும் பக்கத்தில் ‘ஏன் திருப்புகிறீர்கள்’ என்ற கேள்வியை முதலில் வைத்து, பேட்டரிக் கோளாறு என்றால் லேபிள் வராதபடி செய்யுங்கள். பொருளை அங்கேயே அழிக்கச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தருவது மலிவு, பாதுகாப்பும் அதுவே.

கண்காணிப்பைப் பற்றிச் சுருக்கமாக: சர்வதேச அஞ்சல் பார்கோடு 13 எழுத்து கொண்டது. இரண்டு எழுத்து, எட்டு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் அனுப்பும் நாட்டின் இரண்டெழுத்து. அமெரிக்க விற்பனையாளர் ஜெர்மனி வாடிக்கையாளருக்கு அச்சிட்டுக் கொடுக்கும் லேபிளின் கடைசி எழுத்துகள் ‘யு.எஸ்.’ என்று இருந்தால், ஜெர்மனி அஞ்சலகக் கருவி அதை உள்ளே வரும் பார்சலாக எடுத்துக்கொண்டு அனுப்பியவருக்கே திருப்பிவிட வாய்ப்புண்டு. எந்த நாட்டு எண் வரிசையில் லேபிள் வரும் என்று மாதிரி கேட்டு வாங்குங்கள். ஐந்து லேபிளை வெவ்வேறு ஊர்களிலிருந்து அனுப்பிப் பார்ப்பது எந்த ஆணையைவிடவும் அதிகம் சொல்லும்.

பணம் எப்போது எடுக்கப்படுகிறது என்பதும் விலைக்குச் சமமான விஷயம். ‘முன்கட்டணம்’ என்ற சொல் வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தது. விற்பவருக்கு அது அச்சிடும்போதே கழியும் பணமாகவும் இருக்கலாம், முதல் ஸ்கேனில் மட்டும் கழியும் பணமாகவும் இருக்கலாம். நூறு பெட்டியில் நூறு லேபிள் வைத்து எட்டு மட்டுமே திரும்பினால், முதல் முறையில் 92 லேபிளுக்கும் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். பயன்படாத லேபிளுக்குப் பணம் திரும்புமா, எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்புதலுக்குப் பிறகும் கோப்பு ஓய்வதில்லை. நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. 90 நாளில் அஞ்சல் சேவை ஆண்டறிக்கை தர வேண்டும், அடுத்த 90 நாளில் ஆணையம் தீர்ப்புச் சொல்லும். செலவை ஈட்டாத சேவை அங்கே பெயரோடு வரும். விலை ஏறும், அல்லது வெளிநாட்டுத் துறையுடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும். இந்த ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன் அச்சான லேபிள் வாடிக்கையாளரின் மேசை இழுப்பறையில் கிடக்கும். தேதிக்குப் பின் அதை ஒட்டி அனுப்பினால் அந்த நாட்டு அஞ்சலகம் ஏற்குமா, ஏற்றால் எந்தக் கட்டணத்தில் உங்களிடம் வசூலிக்கும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், லேபிளில் பெரிய எழுத்தில் காலாவதித் தேதி அச்சிட்டுவிடுங்கள். ஒப்பந்த முடிவுக்கு 60 நாள் முன்னதாகவே அது இருக்கட்டும்.