கோணத்தை நகலெடுக்கும்போது நழுவும் அரை மில்லிமீட்டர்

களியக்காவிளைக்குக் கிழக்கே, குழித்துறைப் பகுதியில் மரவேலைப் பயிற்சி அளித்து வருகிறேன். இரு பருவமழையும் பெய்யும் நிலம் என்பதால் இங்கே பழைய ஓட்டுக் கூரைகளுக்குச் சரிவு அதிகம். முகட்டிலிருந்து சுவர் வரை சாய்வாக இறங்கும் கைமரம் பழுதாகி, கேரள எல்லைக்கு அப்பால் கழுக்கோல் என்பார்களே, அதை மாற்றும்போது, முகட்டுச் சட்டத்தோடு அது சேரும் கோணத்தைத் தளத்தில் ஒரு பலகையில் வரைந்து வந்து, பட்டறைத் தரையில் முழு அளவுப் படமாக மறுபடி வரைகிறோம்.

அந்த நேரத்தில் மாணவர்களின் கை கோணமானியைத் தேடுகிறது. பழைய கூரையின் கோணம் முழுப் பாகையில்தான் இருக்கும் என்று கட்டாயம் ஏதுமில்லை. தோராயமாக ஓர் எண்ணை வாசித்து, அதே எண்ணை இன்னோர் இடத்தில் குறிக்கும்போது பிழை இரு முறை நுழைகிறது. கவராயத்துக்கு எண்ணே வேண்டாம்.

மூலக் கோணத்தின் முனையில் ஊசியை ஊன்றி, இரு கரங்களையும் வெட்டும் வில்லை வரைய வேண்டும். அதே ஆரத்தில், புதிய கோட்டில் முனையாகக் குறித்த புள்ளியிலிருந்தும் ஒரு வில் வரைய வேண்டும். பிறகு மூல வில் கரங்களை வெட்டிய இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேர்த்தொலைவைக் கவராயத்தில் எடுத்து, புதிய வில்லும் கோடும் சந்திக்கும் புள்ளியில் ஊசியை வைத்து, அந்த வில்லின் மேல் குறித்துக்கொண்டு, குறியை முனையோடு இணைத்தால் கோணம் கிடைத்துவிடும். முனையையும் வில்லின் மேலுள்ள இரு புள்ளிகளையும் இணைத்தால் மூலப் படத்திலும் புதிய படத்திலும் கிடைக்கும் இரு முக்கோணங்களுக்கும் மூன்று பக்கங்களும் சமம் என்பதால் கோணங்களும் சமமாகின்றன; ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் கோணத்தை நகலெடுத்ததும் இந்த அடிப்படையில்தான்.

முறை சரியாக இருந்தும் மரம் வீணாவதைக் கண்டிருக்கிறேன். ஒரு மாணவர் பள்ளிக் கவராயத்தால் 3 செ.மீ. ஆரத்தில் வில் வரைந்தார். பென்சில் முனை மழுங்கியிருந்ததால் குறி அரை மில்லிமீட்டர் விலகியது. கைமரத்தின் நீளமான 3 மீட்டர், அந்த ஆரத்தைப் போல 100 மடங்கு. எனவே பிழையும் 100 மடங்காகி, மரத்தின் அடி சுவரில் 5 செ.மீ. தள்ளி விழுந்தது. அறுப்பதற்கு முன் நான் சரிபார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதன்பின் மெல்லிய ரீப்பர் ஒன்றில் ஆணியும், 60 செ.மீ. தள்ளித் துளையிட்டுப் பென்சிலும் பொருத்திக் கவராயமாகப் பயன்படுத்துகிறோம். இப்போது அதே அரை மில்லிமீட்டர் 5 மடங்கே பெருகி, 3 மீட்டரில் இரண்டரை மில்லிமீட்டராக நிற்கிறது. நூலைக் கட்டி வரைவதை நான் அனுமதிப்பதில்லை. இழுக்கும் விசைக்கேற்ப அது நீளும்.

கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால், ஒரு வில்லுக்கும் அடுத்த வில்லுக்கும் இடையில் ஆரம் சொல்லாமல் மாறிவிடும். ஆகவே புதிய வில்லை வரைந்ததும் கவராயத்தை மீண்டும் மூலப் படத்தில் வைத்துப் பார்ப்பதும், வேறோர் ஆரத்தில் முழு வேலையையும் ஒருமுறை திரும்பச் செய்து, இரண்டாவது குறியும் அதே கோட்டில் விழுகிறதா என்று பார்த்த பிறகே வாளை எடுப்பதும் எங்கள் பட்டறையில் இப்போது வழக்கம்.