நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் என்ன செய்யும்?

இராஜபாளையத்தில் நூற்பாலை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தொழில் நிமித்தம் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓயாமல் அலைகிறோம். மதுரையில் நிறுத்திக்கொள்ளும்படி பழைய இரட்டை டர்போபிராப் விமானம் ஒன்று வாங்க எண்ணம். கிங் ஏர் சி90 ஒன்றும் ட்வின் கமாண்டர் 690 ஒன்றும் பார்த்தோம். கமாண்டர் வேகமானது, சிக்கனமானது என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?"

டர்போபிராப் என்றால், எரிபொருள் எரிந்த சூடான வாயு டர்பைன் என்னும் சக்கரத்தைச் சுழற்ற, அது புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம். ஜெட் வேண்டாம் என்று அவர் நினைத்தது சரியே. மதுரைக்கும் சென்னைக்கும் வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர்தான். ஜெட் சிக்கனமாகப் பறக்கும் உயரத்தை எட்டிய சற்று நேரத்தில் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டிய ஏவிகேஸ் பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. டர்போபிராப்புக்கோ ஜெட் விமானங்களுக்கு ஊற்றும் அதே எரிபொருள் போதும். மதுரைக்கு வந்துபோகும் ஏடிஆர் விமானமும் டர்போபிராப்தான்.

இருக்கை, வேகம், விலை எல்லாவற்றையும் விற்பவரே சொல்லிவிடுவார். நான் முதலில் கேட்பது வேறு: பறக்கும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் அந்தப் பக்கத்துப் புரொப்பெல்லர் என்ன செய்யும்?

அது சும்மா இருக்காது. எதிர்க்காற்று அதைச் சுழற்றும். சுழல்வதற்கான ஆற்றலை அது விமானத்தின் வேகத்திலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் இழுவிசை, மறுபக்கம் பெரும் தடை என்றானதும் மூக்கு நின்ற எஞ்சின் பக்கமாகத் திரும்பும். விமானி சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்து நேராக்க வேண்டும். வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால் சுக்கானுக்கும் வலு போதாது. தரையை விட்டுக் கிளம்பிய சில விநாடிகளில் இது நேர்வதுதான் மிகக் கொடியது. இதற்கு மருந்து, பிளேடுகளைத் திருப்பி அவற்றின் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி வைப்பது. விமானிகள் இதை ஃபெதர் செய்வது என்பார்கள். தடை வெகுவாகக் குறைந்துவிடும்.

கிங் ஏர் சி90-இல் இருப்பது பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6 எஞ்சின். 1960-களில் பறக்கத் தொடங்கிய இந்த வடிவமைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காற்று எஞ்சினின் பின்பக்கத்தில் நுழைந்து முன்னோக்கி ஓடுகிறது. புகை முன்பக்கத்தில் வெளியேறுகிறது. காற்றை அழுத்தும் கம்ப்ரசரும் அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில், நிமிடத்துக்குச் சுமார் 37,500 சுற்று சுற்றுகின்றன. அவற்றுக்கு முன்னால், தனித் தண்டில், இன்னொரு டர்பைன். பல்சக்கரங்கள் அதன் சுமார் 33,000 சுற்றைப் பதினைந்தில் ஒரு பங்காக்கி, 2,200 சுற்றாகப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கின்றன. இரு தண்டுகளுக்கும் இடையே உலோகத் தொடர்பு எதுவுமே கிடையாது. நடுவில் பாயும் சூடான வாயு மட்டும்தான். எதிரெதிரே வைத்த இரண்டு மேசை விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால் மற்றதும் சுழலத் தொடங்குவதைப் போல.

புரொப்பெல்லரின் குடத்துக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் அதைத் தள்ளி, பிளேடுகளின் அகன்ற முகம் காற்றைப் பார்க்கும்படி திருப்புகிறது. வலுவான ஸ்பிரிங்கும் எதிர் எடைகளும் ஓயாமல் ஃபெதர் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எண்ணெய் அழுத்தம் போனால் ஸ்பிரிங் வெல்கிறது! பாதுகாப்பான நிலைக்குப் போக எந்தச் சக்தியும் தேவையில்லை. அங்கே போகாமல் இருக்கத்தான் சக்தி வேண்டும். எண்ணெய் தானே வடியும்வரை காத்திருக்க முடியாத புறப்பாட்டு வேளைக்காக, எஞ்சினின் முறுக்குவிசை விழுந்ததும் எண்ணெயைத் திறந்துவிடும் ஆட்டோஃபெதர் அமைப்பும் பல விமானங்களில் உண்டு. எஞ்சினை அணைத்து நிறுத்திய கிங் ஏரின் பிளேடுகள் எப்போதும் விளிம்பை முன்காட்டி நிற்பது அந்த ஸ்பிரிங்கால்தான்.

கமாண்டரில் இருப்பது காரெட் டிபிஇ331. இதில் கம்ப்ரசர், டர்பைன், புரொப்பெல்லர் எல்லாம் பல்சக்கரங்கள் வழியே ஒரே தண்டில் பிணைந்தவை. கைப்பிடியைத் தள்ளியதும் இழுவிசை உடனே கிடைக்கும். எரிபொருளும் சற்றுக் குறைவு. ஆனால் எஞ்சின் நின்றால் எதிர்க்காற்று முழு எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருப்பதால் தடை மிகப் பெரிது. இதை உணர்ந்து பிளேடுகளைத் தானே ஃபெதர் பக்கம் நகர்த்தும் அமைப்பு இதிலும் இருக்கிறது. ஆனால் முழுமையாக ஃபெதர் செய்து முடிப்பது விமானியின் கை. இது தரம் குறைந்த எஞ்சின் அன்று. கூடுதல் பயிற்சி கேட்கும் எஞ்சின். இதே வகை எஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி எம்யூ-2 விமானத்தை ஓட்டுபவர்களுக்கு அமெரிக்கா 2008-இல் சிறப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டின் சரஸ் விமானமும் பிடி6 பூட்டிய இரட்டை டர்போபிராப்தான். 2009 மார்ச் 6 அன்று, வானில் நிறுத்திய எஞ்சினை மீண்டும் இயக்கும் சோதனையின்போது அதன் இரண்டாவது சோதனை மாதிரி பெங்களூரு அருகே பிடதியில் விழுந்து மூவர் உயிரிழந்தனர். மறுஇயக்கத்துக்கு வகுத்த நடைமுறை தவறு என்றது விசாரணை. நடைமுறையைத் திருத்திக்கொண்டு உடனே தொடர்ந்திருக்க வேண்டிய பணி அது. ஆனால் இடையில் பணம் நின்றுபோனது. அடுத்த மாதிரி பறந்தது 2018-இல்தான். இத்தகைய ஆராய்ச்சிக்கு இடையில் பணத்தை நிறுத்துவது, அந்த மூவர் கண்டுகொடுத்த பாடத்தையும் சேர்த்து மூடிவைப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மதுரைக்கென்று இன்னொன்று. 40 பாகை வெயிலில் காற்று மெலிந்து எஞ்சினின் வலு குறையும். வடமேற்கே திருப்பரங்குன்றமும் நாகமலையும், தொலைவில் கொடைக்கானல் மலைகளும் நிற்கின்றன. அதனால் கையிருப்பு வலு முக்கியம். சி90-இன் பிந்தைய மாதிரியான சி90ஜிடி-யில் உள்ள எஞ்சின் 750 குதிரைத்திறன் தரவல்லது. அதை 550-க்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெயிலிலும் அந்த 550 எளிதில் குறையாது.

சொந்த விமானிகளுக்கு ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயிற்சி கொடுக்க முடியும் என்றால் கமாண்டரை எடுக்கலாம். இல்லையென்றால் கிங் ஏர். கிடைத்தால் ஜிடி மாதிரி. பதிவெழுத்துகளுக்கு எண்கணிதம் பார்க்கும் வேலை வேண்டாம். அந்தப் பணத்தில் விவரமறிந்த பொறியாளர் ஒருவரை வைத்து எஞ்சின் பதிவேட்டை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சி90-இன் பிடி6-க்கு வழக்கமாக 1,800 மணியில் வெப்பப் பகுதிச் சோதனை, 3,600 மணியில் முழுச் சீரமைப்பு. அவை நடந்ததற்கான சான்றைக் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன், ஆட்டோஃபெதர் இருந்தால் அதன் சோதனையை இரண்டு எஞ்சினிலும் உங்கள் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள்.