பர்சூட்: நாட்டமா, தொடரலா, துரத்தலா?

சைக்கிள் ஓடுதளப் பந்தயங்களில் ‘இண்டிவிஜுவல் பர்சூட்’ என்றொரு பிரிவு உண்டு. தமிழில் எழுத உட்கார்ந்தால் அகராதி நாட்டம், தேடல், பின்தொடர்தல், துரத்தல் என்று வரிசையாக நீட்டும். முதல் இரண்டையும் உடனே ஒதுக்கிவிடலாம். மகிழ்ச்சியை நாடலாம், அறிவைத் தேடலாம்; முன்னால் சைக்கிளில் பறப்பவனை என்ன செய்வது?

களத்தைப் பார்த்தால் சொல் தானாக வரும். 250 மீட்டர் வளையத்தில் இரண்டு வீரர்கள் நேரெதிர்ப் பக்கங்களில் நிற்கிறார்கள். பின்சக்கரத்தைக் கவ்வியிருக்கும் பொறி விட்டதும் இருவரும் ஒரே திசையில் கிளம்புகிறார்கள். ஆண்களுக்கு 4 கிலோமீட்டர், அதாவது 16 சுற்று. அவரவருக்கு 125 மீட்டர் முன்னால் எதிராளி. யார் யாரைத் துரத்துகிறார் என்றால், இவர் அவரை, அவர் இவரை! இறுதிப் போட்டியில் ஒருவர் மற்றவரை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் நேரம்தான் தீர்ப்பு.

மூலம் லத்தீனின் ‘ப்ரோசெக்வி’. பின்னாலேயே போதல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஜெர்மானியர் இந்தப் பந்தயத்தை ‘ஃபெர்ஃபோல்குங்’ என்கிறார்கள், இத்தாலியர் ‘இன்செகுயிமென்டோ’ என்கிறார்கள். இரண்டுக்குமே துரத்தல் என்றுதான் பொருள்.

தமிழில் ‘தொடர்’ என்று வைத்தால் வம்பு. தொடரோட்டம் என்றதும் கையில் கட்டையோடு ஓடும் நால்வர்தான் நினைவுக்கு வருவார்கள். ‘விரட்டல்’ பரவாயில்லை, கிரிக்கெட்டில் இலக்கையே விரட்டுகிறோம். ஆனால் தெருநாயை விரட்டுவது அது போய்த் தொலையட்டும் என்று, துரத்துவது பிடிப்பதற்கு. போதாததற்கு, பழந்தமிழில் ‘துரத்தல்’ என்றால் செலுத்துதல் என்றும் பொருள். சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

‘தனிநபர்’ எனக்கு உவப்பில்லை, வங்கிக் கடன் விளம்பரம் போல ஒலிக்கிறது. டென்னிஸில் பழகிய ‘ஒற்றையர்’ இருக்கிறதே. ஆடவர் ஒற்றையர் துரத்தல். நால்வர் சேர்ந்து ஓட்டினால் அணித் துரத்தல்.

ஒரு மறுப்பு வரலாம்: பெரும்பாலும் யாரும் யாரையும் பிடிப்பதில்லையே? உண்மைதான். தகுதிச் சுற்றில் கணக்கு முழுக்க நேரம். பயிற்சியாளர் தளத்தின் ஓரத்தில் நின்று, ஆள் திட்டத்தைவிட முந்தினால் ஒரு பக்கமும் பிந்தினால் மறுபக்கமும் நகர்ந்து காட்டுவார். குனிந்த தலையோடு வருபவருக்கு அந்தக் கால்களே கடிகாரம். 1996இல் மான்செஸ்டரில் கைகளை முன்னால் நீட்டிப் படுத்தபடி பிரிட்டன் வீரர் கிறிஸ் போர்ட்மன் 4 கிலோமீட்டரை 4 நிமிடம் 11.114 விநாடியில் முடித்தார். அப்படி உட்கார்ந்து ஓட்டும் முறை பிறகு தடைசெய்யப்பட்டது. அந்த உலக சாதனை 2011 வரை அசையவில்லை. 2021இல் மெக்சிகோவின் அகுவாஸ்காலியன்தெஸில் அமெரிக்க வீரர் ஆஷ்டன் லாம்பி 3:59.930 எடுத்து 4 நிமிடத்துக்குள் முதலில் புகுந்தார்.

ஒலிம்பிக்கில் ஆடவர் பிரிவு 1964 டோக்கியோ முதல் 2008 பெய்ஜிங் வரை இருந்தது. இப்போது உலக வாகையர் போட்டியில் பார்க்கலாம். அந்த ஒலிம்பிக் வரலாற்றில் ‘துரத்தல்’ என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து பலித்த நாள் 1992 பார்சிலோனா இறுதிப் போட்டி. அதே போர்ட்மன், லோட்டஸ் நிறுவனத்தின் கறுப்பு கார்பன் சைக்கிளில், உலக வாகையரான ஜெர்மனியின் யென்ஸ் லேமனைத் துரத்திப் பிடித்தே விட்டார்.