ஊர்வலத்துக்காக நடை மாறிய தாளம்: சாம்பா இயங்கும் விதம்

1917 தொடக்கத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இசைத்தட்டாக வெளிவந்த 'பேலு டெலிஃபோனி' பாட்டையும், 1930களின் தொடக்கத்தில் அதே நகரில் பதிவான ஏதாவது ஒரு சாம்பாவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். இரண்டையும் ஒரே இசை வகை என்று நம்புவது கடினம். முதலாவது குதித்துக் குதித்துப் போகிறது. இரண்டாவது நீளமாகக் காலெடுத்து வைத்து நடக்கிறது. இடையில் இருப்பவை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள்தான். இந்தக் குறுகிய காலத்தில் ஒரு தாளத்தின் எலும்புக்கூடே மாறிவிட்டது. அதை மாற்றியவர்கள் பெரும்பாலும் ஒரே பேட்டையைச் சேர்ந்த இளைஞர்கள். பெருங்கூட்டம் பாடிக்கொண்டே தெருவில் நடந்து போகவேண்டும் என்ற தேவைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

வேர் இன்னும் பழையது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு பிரேசிலில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் அங்கோலா, கொங்கோ கரையிலிருந்து வந்தவர்கள். பாஹியா மாநிலத்தில் வளைகுடாவைச் சுற்றிய கரும்பு, புகையிலைப் பகுதிக்கு ரெகோன்காவோ என்று பெயர். சாந்து அமாரோ, கஷோய்ரா போன்ற ஊர்கள் அங்கே இருக்கின்றன. அந்த மக்கள் அங்கே வளர்த்த வட்ட ஆட்டம்தான் சாம்பா டி ரோடா. சுற்றி நின்று கைதட்டுவார்கள், ஒருவர் பாட மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள், நடுவில் ஒருவர் ஆடுவார். ஆடி முடித்தவர் வட்டத்தில் நிற்கும் இன்னொருவரின் வயிற்றோடு தன் வயிற்றை லேசாக மோதி அடுத்த முறையைக் கொடுப்பார். இதற்கு உம்பிகாடா என்று பெயர். வாத்தியங்களில் பண்டெய்ரோ என்ற சலங்கைத் தட்டுப்பறை உண்டு. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைக் கத்தியால் சுரண்டி எழுப்பும் தாளமும் உண்டு. சமையலறையில் கைக்கு எட்டியதையே வாத்தியமாக்கிய இந்தக் கலையை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

1888 மே 13 அன்று அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பாஹியாவிலிருந்து ஏராளமானோர் வேலை தேடி அன்றைய தலைநகர் ரியோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். துறைமுகத்தை அடுத்தும் ப்ராசா ஒன்ஸி சதுக்கத்தைச் சுற்றியும் குடியேறிய அவர்களுக்கு 'டியா'க்கள், அதாவது அத்தைமார், தூணாக இருந்தார்கள். அவர்களில் மிகப் புகழ்பெற்றவர் டியா சியாட்டா (1854–1924). இனிப்பு செய்து விற்றவர், ஆப்பிரிக்க வேருள்ள காண்டோம்ப்ளே வழிபாட்டில் மூத்தவர். அவர் வீட்டு முன்கூடத்தில் விருந்தினருக்கான நடன இசை நடக்கும். பின்கட்டில் சாம்பா நடக்கும். இந்த இட ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. கறுப்பர்களின் பறையொலியைக் கேட்டால் போலீஸ் வரும். இசைக்கலைஞர் ஜோவாவ் டா பையானாவின் பண்டெய்ரோவையே போலீஸ் பறித்துக்கொண்டது. செனட்டர் பின்னெய்ரோ மஷாடோ தம் பெயர் பொறித்த புதிய பண்டெய்ரோ ஒன்றை அவருக்குப் பரிசளித்த பிறகுதான் அவரால் நிம்மதியாக வாசிக்க முடிந்தது.

அந்த வீட்டில் பலர் சேர்ந்து பாடிய வரிகளிலிருந்து உருவானதாகச் சொல்லப்படும் பாட்டைத்தான் இசைக்கலைஞர் டோங்கா 1916 நவம்பரில் தேசிய நூலகத்தில் தம் பெயரில் பதிவு செய்தார். அதுவே 'பேலு டெலிஃபோனி'. உரிமைச் சண்டை உடனே கிளம்பியது. அது ஒருபக்கம் இருக்கட்டும், தாளத்தைப் பார்ப்போம்.

சாம்பாவில் காலடி ஒன்றை நான்கு சம மாத்திரைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு அடிக்கு எட்டு மாத்திரை. பழைய பாணியில் இந்த எட்டும் 3+3+2 என்று பிரிகிறது. நம் சொற்கட்டில் சொன்னால் 'தகிட தகிட தக'. எட்டு மாத்திரை முடிந்ததும் அதே சுற்று திரும்ப வரும். அன்றைய ரியோவின் மாஷிஷி என்ற ஜோடி நடனத்துக்கும் இதே அச்சுதான். கூடத்துக்குள் ஆட இது போதும். சின்யோ போன்ற பாடலாசிரியர்கள் 1920களில் இதை வைத்தே புகழின் உச்சத்தில் இருந்தார்கள்.

ரியோவின் எஸ்டாசியோ பேட்டையில் பிடே, இஸ்மாயெல் சில்வா முதலான இளைஞர்களுக்கு அது போதவில்லை. கார்னிவல் நாட்களில் தெருவில் போகும் கூட்டம் இந்தக் குட்டைச் சுற்றில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் திணறுகிறது என்பது இஸ்மாயெல் பின்னாளில் சொன்ன விளக்கம். அவர்கள் சுற்றை இரட்டிப்பாக்கினார்கள். எட்டு மாத்திரைக்குப் பதில் பதினாறு. பிரிப்பு 2+2+3, பிறகு 2+2+2+3. 'தக தக தகிட, தக தக தக தகிட'. ஏழும் ஒன்பதும் சேர்ந்த பதினாறு.

ஒவ்வொரு பிரிவின் முதல் எழுத்தும் ஒரு தட்டு. வாயால் இந்த ஏழு தட்டைச் சொல்லிக்கொண்டே 1, 5, 9, 13ஆம் மாத்திரைகளில் காலடி வையுங்கள். தட்டுகள் விழும் இடம் 1, 3, 5, 8, 10, 12, 14. முதல் பாதியில் 1, 5 ஆகிய இரண்டு காலடிகளிலும் தட்டு வந்து அமர்கிறது. பிறகு அந்த ஒரு மூன்று மாத்திரை இடைவெளி வந்ததும் தட்டுகள் முழுக்க இரட்டைப்படை மாத்திரைகளுக்கு நழுவிவிடுகின்றன. 9, 13 ஆகிய காலடிகள் இரண்டும் வெற்றிடத்தில் விழுகின்றன. கடைசி மூன்று மாத்திரை இடைவெளிதான் மறுபடி காலடியோடு கொண்டுவந்து சேர்க்கிறது. தரையில் பாதி, மிதப்பில் பாதி. சாம்பா கேட்கும்போது உடம்பை முன்னே இழுக்கும் சக்தி இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் தவறுவார்கள். சுற்றைப் பாட்டின் எந்தப் பாதியோடு பொருத்துவது என்பதைக் கவனிக்காமல் எட்டு மாத்திரை தள்ளி நுழைந்துவிடுவார்கள். பாட்டு தரையில் நிற்கவேண்டிய இடத்தில் தட்டு மிதக்கும். மாத்திரை ஒன்றுகூடத் தப்பியிருக்காது, ஆனாலும் பாடுகிறவர் தடுமாறுவார். தாளத்தோடு முதலில் பாட்டை முணுமுணுத்துக் காட்டாத ஆசிரியரிடம் இதைக் கற்றால் பிழை நிலைத்துவிடும்.

இந்தப் பதினாறு மாத்திரைச் சுற்று எஸ்டாசியோவில் புதிதாக முளைத்ததல்ல. அங்கோலாவின் கிழக்கிலும் அதை ஒட்டிய கொங்கோவின் தென்பகுதியிலும் ஒன்பது தட்டு கொண்ட பதினாறு மாத்திரைச் சுற்று மரபாக வழங்கி வருவதை இசை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்றுகளை 2+1 என்று உடைத்தால் ஒன்பது தட்டு வந்துவிடும்; உறவு தெளிவாகத் தெரிகிறது. ஆக, 1917இன் பாட்டுதான் வரவேற்பறைக்கு ஏற்ப மழிக்கப்பட்டது. 1930இன் 'புதிய' பாணியில் அதைவிடப் பழைய அடுக்கு மேலே வந்தது என்பதே என் கணிப்பு.

இசைத்தட்டில் அது தாமதமாகத் தெரிந்ததற்கு ஒலிப்பதிவுக் கருவியும் காரணம். ஆரம்பப் பதிவுகளில் மின்சாரம் கிடையாது. புனலுக்குள் பாடினால் அந்தக் காற்றதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கீறும். பெரிய பறையை அருகில் அடித்தால் ஊசி தடம் மீறும். தள்ளி நின்று அடித்தால் ஒலி பதியாது. அதனால் கிட்டாரும் காற்று வாத்தியமும் பாட்டைச் சுமந்தன, பறைகள் வாசலிலேயே நின்றன. பிரேசிலுக்கு மின் ஒலிப்பதிவு 1927இல் வந்தது. 1929 இறுதியில் பதிவான 'நா பவூனா'வில்தான் தெருப் பறைகள் கூட்டமாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தன. பின்னாளில் டோங்காவும் இஸ்மாயெலும் நேருக்கு நேர் வாதிட்டபோது, இஸ்மாயெலின் பாட்டு வெறும் அணிவகுப்பு இசை என்றார் டோங்கா; டோங்காவின் பாட்டு வெறும் மாஷிஷி என்றார் இஸ்மாயெல். இருவர் காதும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

1928இல் எஸ்டாசியோவினர் 'டெய்ஷா ஃபலார்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். கார்னிவல் ஊர்வலத்தில் பாடி ஆடிப் போகும் இத்தகைய குழுவுக்குச் சாம்பாப் பள்ளி என்ற பெயர் அதோடு பரவியது. அதே ஆண்டில் மங்கேய்ரா என்ற பள்ளியும் பிறந்தது. 1932இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை ப்ராசா ஒன்ஸியில் முதல் போட்டியை நடத்தியது, வென்றது மங்கேய்ரா. நடந்துபோகும் கூட்டத்துக்குக் காலடியைச் சொல்ல ஆழ்ந்த குரலுள்ள ஒரு பறை தேவைப்பட்டது. 20 கிலோ வெண்ணெய் வரும் உருண்டைத் தகரத்தை எடுத்து அதன் வாயை இழுத்து மூடி பிடே செய்ததே முதல் சூர்டோ என்பது அந்தப் பேட்டையின் வரலாறு.

இன்றைய சூர்டோக்களில் மூன்று அளவு உண்டு. மிகப் பெரியது, 'முதலாவது', பெரும்பாலும் 24 அங்குலத்துக்கு மேல் விட்டம் உள்ளது. பெயர்தான் முதலாவது, அடிப்பது இரண்டாவது காலடியில். சற்றே சிறிய 'இரண்டாவது' முதல் காலடியில் பதில் சொல்லும். மூன்றாவது இவற்றின் இடையே வெட்டி வெட்டி ஓடும். மங்கேய்ராவில் மட்டும் அந்தப் பதில் பறை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் பள்ளியை அடையாளம் சொல்லிவிடலாம். எடை இரண்டாம் அடியில் இருப்பதால்தான் சாம்பா, அணிவகுப்புப் பாட்டைப் போலத் தொப் தொப்பென்று ஒலிப்பதில்லை.

சூர்டோ வாசிப்பில் அடிப்பதைவிட அடக்குவது முக்கியம். ஒரு கையில் கம்பளி உருண்டை வைத்த கோல், மறு உள்ளங்கை தோலின் மேல். இரண்டாம் அடியில் கையை எடுத்துவிட்டு முழு ஒலி எழுப்பவேண்டும். அடுத்த அடிக்குள் உள்ளங்கையை வைத்து நிறுத்தவேண்டும். நிறுத்தத் தவறினால் ரீங்காரம் அடுத்த அடியின் மேல் வழிந்து பதில் பறையை விழுங்கிவிடும். அடி எங்கே என்று கூட்டத்துக்குத் தெரியாமல் போகும். மழையும் எதிரிதான். விலங்குத் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். முன்பு செய்தித்தாளைக் கொளுத்திச் சிறு பறைகளின் தோலைக் காய்ச்சி ஏற்றுவார்கள். நைலான் தோலுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒலியில் அந்தச் சதைப்பற்றும் இல்லை.

அதன் மேல் கைஷா. தோலோடு ஒட்டிக் கம்பி இழுத்த இரைச்சல் பறை இது; பதினாறு மாத்திரையையும் விடாமல் நிரப்பும். ஒரு குச்சியாலும் மறு வெறுங்கையாலும் அடிக்கும் ரெபினிக் என்ற பறை கூவி அழைக்க, எல்லாரும் நுழைவார்கள். பதினாறின் சுற்றைச் சொல்வது 6 அங்குலத் தாம்போரிம் என்ற சிறு பறை. வேகம் கூடும்போது ஒரே கோலால் எல்லா மாத்திரையையும் அடிக்க முடியாது. அதனால் இரண்டு தட்டு கீழ்நோக்கி, மூன்றாவதற்குப் பறையைப் பிடித்த மணிக்கட்டைத் திருப்பி மேலெழும் கோலில் பறையே வந்து படும்படி செய்து, நான்காவது மறுபடி கீழ்நோக்கி. திருப்பல் தாமதமானால் மூன்றாம் தட்டு தேய்ந்து குதிரை ஓட்டம் போல நொண்டும்.

குயிக்காவின் சத்தம் குரங்கின் கீச்சொலியையும் மனிதச் சிரிப்பையும் ஒத்திருக்கும். மத்திய ஆப்பிரிக்க உராய்வுப் பறைகள் இதன் முன்னோர். தோலின் நடுவில் உட்புறமாக மெல்லிய மூங்கில் குச்சி கட்டியிருக்கும். ஈரத்துணியால் அதைப் பிடித்து உருவவேண்டும். துணி குச்சியைக் கவ்வுகிறது, தோல் இழுபடுகிறது, பிடி நழுவுகிறது, தோல் திரும்புகிறது, மீண்டும் கவ்வுகிறது. இது நொடிக்குப் பல நூறு முறை நடப்பதால் சுரம் பிறக்கிறது. மறு கையின் விரலை வெளிப்புறம் நடுவை ஒட்டி அழுத்தினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். துணி காய்ந்தாலும் சொதசொதவென்று நனைந்தாலும் கவ்வலும் நழுவலும் மாறி மாறி நடக்காது, ஒலியும் வராது. குச்சியைச் சாய்த்து இழுத்தால் முறிந்துவிடும்.

இத்தனையும் சேர்ந்த வாத்தியப் படைக்கு பாத்தேரியா என்று பெயர். பெரிய பள்ளிகளில் 250 பேருக்கு மேல்கூட வாசிப்பார்கள். இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. நிமிடத்துக்கு 140 அடி வேகம் என்று கொண்டால் ஓர் அடிக்கு 429 மில்லிநொடி, ஒரு மாத்திரைக்கு 107. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் போகும். படையின் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 25 மீட்டர் இருந்தால், முன்னால் அடித்த அடி பின்னால் போய்ச் சேர 72 மில்லிநொடி ஆகும். மாத்திரையில் மூன்றில் இரண்டு பங்கு அது. பின்வரிசையினர் காதை மட்டும் நம்பி வாசித்தால் அவ்வளவு பிந்துவார்கள். அது முன்னே திரும்பி வரும்போது பிழை இரட்டிப்பாகும். சில விநாடிகளில் பாட்டும் பறையும் பிரிந்துவிடும். ஒரு பள்ளியின் ஆண்டு உழைப்பு அங்கேயே கவிழும். ரியோவில் இதற்குச் சாம்பா 'குறுக்கே போய்விட்டது' என்பார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய சூர்டோக்களை ஒரே இடத்தில் குவிக்காமல் படை முழுவதும் பரப்பி நிறுத்துகிறார்கள். எந்த வாத்தியக்காரருக்கும் சில மீட்டருக்குள் ஒரு காலடி கேட்கவேண்டும். இரண்டாவதாக, தொடக்கமும் நிறுத்தமும் கண்ணால் நடக்கின்றன. படையை நடத்தும் 'மெஸ்திரி' கையைத் தூக்க, வரிசைகளுக்கு இடையே நிற்கும் உதவியாளர்கள் அதையே திருப்பிக் காட்டுகிறார்கள். ஒளிக்குத் தாமதம் இல்லை. 1959இல் மொசிடாடி பள்ளியின் மெஸ்திரி அந்த்ரே புகழ்பெறச் செய்த 'பராடின்யா' இதில் மிகத் துணிச்சலான வேலை. பறைகள் திடீரென்று நிற்கும், கூட்டம் பாடிக்கொண்டே போகும், பிறகு எல்லாரும் ஒரே மாத்திரையில் திரும்ப நுழையவேண்டும். மௌனத்தில் பாடகர்கள் தம்மையறியாமல் வேகமெடுப்பது வழக்கமான ஆபத்து.

மாத்திரைகள் சமம் என்று மேலே சொன்னது காகிதக் கணக்கு. உண்மையான வாசிப்பை அளந்தபோது, ஒவ்வோர் அடியிலும் மூன்றாவது, நான்காவது மாத்திரைகள் தம் இடத்துக்குச் சற்று முன்பே விழுவது தெரிந்தது. இதனால் இரண்டாவது மாத்திரை குறுகும், நான்காவது நீளும். கணினியில் கோடு பிசகாமல் அடுக்கிய சாம்பா உயிரில்லாமல் கேட்பதற்கு இதுவே முதல் காரணம். அங்கே பிறழ்வைத் தாறுமாறாகத் தூவினால் சரியாகாது. எந்த மாத்திரை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை ஒவ்வோர் அடியிலும் அப்படியே காக்கவேண்டும்.

தெருவுக்காகப் பெருத்த இசை சிறிய இடங்களுக்கும் திரும்பியது. 1958இல் கிட்டார் கலைஞர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ கட்டைவிரலுக்குச் சூர்டோவையும் மற்ற விரல்களுக்குத் தாம்போரிமையும் கொடுத்து, பாத்தேரியாவை ஒரு கிட்டாருக்குள் அடக்கினார். அதுதான் போசா நோவா என்ற மெல்லிசைப் பாணியின் வாசிப்பு. 1970களின் பிற்பகுதியில் ரியோவின் ரமோஸ் பகுதியில் 'காசிக்கி டி ரமோஸ்' குழுவினர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடியபோது எழுந்த சிக்கல் வேறு. உட்கார்ந்தவரால் சூர்டோவைத் தூக்கிப் பிடிக்க முடியாது. செரேனு அந்த இடத்தில் மடியில் படுக்கவைத்துக் கையால் அடிக்கும் தாந்தானைக் கொண்டுவந்தார். ஒரு கை தோலில், மறு கை பறையின் உடலில். உபிரானி ரெபினிக்கிலிருந்து குச்சியை நீக்கிக் கை ரெப்பிக்கியை உருவாக்கினார். சிறு கிட்டார் போன்ற நான்கு கம்பி கவாக்கினியோவின் மெல்லிய ஒலி அத்தனை குரலுக்கும் பறைக்கும் நடுவே காணாமல் போனது. அல்மிர் கினெட்டோ பாஞ்சோவின் தோல் உடலில் கவாக்கினியோவின் கழுத்தைப் பொருத்தினார். கம்பிகளுக்கு அடியில் மரப்பலகைக்குப் பதில் இறுகிய தோல் இருப்பதால், மீட்டியதும் ஒலி கூர்மையாக வெடித்து உடனே அடங்குகிறது. ஒலிவாங்கி இல்லாமலே மேசையின் மறுமுனை வரை கேட்கிறது, அடுத்த மாத்திரையின் மேலும் வழிவதில்லை.